நிறைந்திருந்த கூஜா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பெரிய ‘ற’ எங்கே வரும், சின்ன ‘ர’ எங்கே வரும் என்பது இந்த வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கோயிலில் பாடப்போகிற பாட்டுகளுக்காகப் பலகையில் சாக்பீஸால் எழுதிய எண்கள்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய கிறிஸ்தவ சபையில் கோயில்பிள்ளையாக இருக்கிறேன். மணி அடிப்பது, கோயிலைப் பெருக்குவது, பாய் விரிப்பது, பீடத்துத் துணிகளை மாற்றுவது, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கான பாத்திரங்களைத் துலக்கி வைப்பது எல்லாம் என் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை காலத்தில் ஆராதனை நடக்கும்போது என் வாயிலிருந்து தனியாக ஒரு வார்த்தை வந்ததில்லை. எல்லோரும் ஆமென் சொல்லும்போது நானும் சொல்வேன். அவ்வளவுதான்.

எண்பத்தேழாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, என் அண்ணனுக்காக நான் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து நான் தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தேன் என்றும், அது யாருடைய குற்றமும் இல்லை என்றும் சபையில் எல்லோரும் இன்றுவரை நம்புகிறார்கள். அண்ணன் மகளும் அப்படித்தான் நம்புகிறாள். ஈஸ்டர் முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். தகப்பன் இடத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக் கொடுக்க என்னைக் கேட்டிருக்கிறாள். அதற்கு முன்னால் நடந்ததை அவளிடம் சொல்லியாக வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தவர் அவர்தான். ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் வேத வசனம் ஒப்பிக்க என்னை முன்னால் நிறுத்தினார்கள். வசனம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அத்தனை முகங்களையும் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. நின்ற இடத்திலேயே டவுசரை நனைத்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். அண்ணன் எழுந்து நேராக முன்னால் வந்து, நனைந்தது யாருக்கும் தெரியாதபடி என்னை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு எல்லோர் நடுவிலும் நடந்து வெளியே போனார். அவருடைய புதுச் சட்டையும் நனைந்துபோனது. அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

பிற்பாடு அண்ணனுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை கிடைத்தது. பஞ்சை அடித்துப் பிரிக்கிற பகுதியில் வேலை. ஷிப்டு முடிந்து வரும்போது புருவம், காது மயிர் எல்லாம் வெள்ளையாக இருக்கும். அங்கேயே மில்லுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தார். கல்யாணமாகி ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்போது மதினி மஞ்சள்காமாலையில் இறந்துபோனார்கள். எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில், தெற்குச் சுவர் ஓரமாக அடக்கம் செய்தோம். பக்கத்தில் ஒரு ஆள் கிடக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அன்றைக்கே அண்ணன் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

பிள்ளைக்கு நான்கு வயதில் தட்டம்மை போட்டது. காய்ச்சல் இறங்கவே இல்லை. மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அக்கா இருந்தார்கள். பிள்ளையைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டது அவர்கள்தான். அவர்கள் வாசலில் வேப்பிலை கட்டினார்கள். “தம்பி, பிள்ளை பொழச்சா அம்மனுக்குச் சட்டி எடுக்கேன்னு வேண்டிக்கோ. கேக்கதுக்கு என்ன?” என்றார்கள். அண்ணன் வேண்டிக்கொண்டார். மூன்றாம் நாள் பிள்ளை கஞ்சி கேட்டது.

பங்குனியில் அண்ணன் மஞ்சள் வேட்டி கட்டி, எரிகிற அக்கினிச்சட்டியைக் கையில் ஏந்தி மாரியம்மன் கோவிலுக்கு நடந்தார். பழக்கம் இல்லாததால் வேப்பிலையைச் சரியாக வைத்துப் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு உள்ளங்கைகளும் வெந்துபோயின. அவர் நடந்ததை எங்கள் சபைக்காரர் ஒருவர் பஸ்ஸில் இருந்து பார்த்துவிட்டார்.

எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அப்போது இருந்த ஐயர் நல்லவர். கமிட்டியில் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “செஞ்சது பாவம்னு ஒரு வார்த்த சொல்லிட்டா இதோட முடிஞ்சிரும்” என்றார்.

அண்ணன் கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு, “பிள்ள பொழச்சிருச்சுய்யா. அத எப்படிப் பாவம்னு சொல்ல?” என்றார்.

அதனால் அவரை விலக்கி வைத்தார்கள். விலக்கி வைக்கப்பட்டவர்கள் ஆராதனைக்கு வரலாம். ஆனால் பின்வாசல் ஓரம் தரையில்தான் உட்கார வேண்டும். திருவிருந்து தொடங்கும் முன் எழுந்து வெளியே போய்விட வேண்டும். இறந்தால் கோயில் மணி அடிக்கமாட்டார்கள். சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது.

அண்ணன் ஐந்து வருஷம் அந்தப் பின்வாசலில் உட்கார்ந்தார். என் இடமும் அதுதான். மணிக்கயிறு அங்கேதான் தொங்கும். “ஏலே, நம்ம ரெண்டு பேருக்கும் கோயில்ல ஒரே எடத்தக் குடுத்துட்டாங்க பாத்தியா” என்று என் காலைச் சுரண்டுவார். திருவிருந்து தொடங்கும்போது மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பார். ஆராதனை முடிந்து நான் வரும்வரை நின்றுவிட்டு, ராஜபாளையம் பஸ்ஸுக்குப் போவார்.

எண்பத்தாறு கடைசியில் அவருக்கு இருமல் முற்றிவிட்டது. நெஞ்சில் பஞ்சு அடைத்துக்கொண்டது போல மூச்சு விடுவார். மில்லில் வாசல் காவலுக்கு மாற்றினார்கள். பிறகு அதற்கும் போக முடியவில்லை. கிறிஸ்துமஸ் அன்று வேப்பமரத்தடியில் என்னிடம் சொன்னார்.

“டாக்டரு ஒண்ணும் வெளங்கச் சொல்ல மாட்டேங்காரு. ஆனா எனக்குத் தெரியுதுலே. ஒங்க மதினி பக்கத்துல அந்த எடம் கெடக்கு. அத வேற எவனுக்காவது குடுத்துருவாங்க.”

“இல்லண்ணே” என்றேன்.

“ஐயருகிட்டப் பேசிட்டேன். பாவம்னு சொல்லிருதேன்னுட்டேன். வார லெந்துல சேத்துக்கிடுதேன்னுருக்காவ. நீதான் எந்திரிக்கணும்.”

விலக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்ப்பது எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறைதான். லெந்து முதல் ஞாயிறு. அவர் முன்னால் நின்று தன் குற்றத்தைச் சொல்ல வேண்டும். பிறகு ஐயர் சாட்சிகளைக் கூப்பிடுவார். இரண்டு பேர் தங்கள் இடத்திலிருந்து எழுந்து போய், ஆளுக்கு ஒரு தோளில் கைவைத்து, “இவர் மனந்திரும்பினதற்கு நான் சாட்சி” என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும், ஒருவர் அந்நியராக இருக்க வேண்டும். வீட்டார் பொறுப்பேற்காதவரைச் சபை எப்படி ஏற்கும் என்பது அதன் கணக்கு. யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது. அண்ணனுக்குச் சபையில் இருந்த ஒரே சொந்தம் நான்தான்.

அந்நியர் கிடைத்துவிட்டார். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். சத்தமாகப் பேசுகிறவர். நான் பயப்படுகிறேன் என்று தெரிந்து, ஒரு சாயங்காலம் என்னைக் கிணற்றடியில் நிறுத்திப் பழக்கினார்.

“எங்க, சொல்லு.”

சொன்னேன்.

“ஏலே, கெணத்துக்குள்ள கெடக்குற தவளைக்கே கேக்கல. இன்னொரு தடவ.”

மறுபடியும் சொன்னேன்.

“பார்டர்ல குண்டு போடுதான்னு சொன்னப்பக்கூட நான் நேரா நின்னவன். நீ ஒரு வரிக்கு இந்த நடுங்கு நடுங்குத. கைய எங்க வைக்கணும்? தோள்ல. எந் தோள்ல இல்லல, ஒங்க அண்ணன் தோள்ல!”

வீட்டில் என் மனைவியும் சிரித்தாள். “எங்கிட்ட இன்னொரு கரண்டி சோறு கேக்கவே தட்டப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. அம்புட்டுப் பேரு முன்னால எப்படிச் சொல்லுவீங்க?” என்றாள். கேலிதான். ஆனால் இரவில் அவளே என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். தனியாக இருக்கும்போது நன்றாக வந்தது. மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத கோயிலில் இருபது முப்பது தடவை சொல்லியிருப்பேன்.

லெந்து தொடங்கினால் கோயிலே வேறு மாதிரி ஆகிவிடும். சாம்பல் புதனுக்கு முந்தின நாள் பீடத்திலிருந்து பித்தளைப் பூச்சாடிகளை எடுத்துச் சாக்கில் கட்டி மேலே போட்டுவிடுவேன். ஊதாத் துணி விரிப்பேன். ஆர்மோனியத்தைப் போர்வையால் மூடிவிடுவேன், ஈஸ்டர் வரைக்கும் அதைத் தொடக்கூடாது. பெண்கள் தலையில் பூ இருக்காது. மூன்று மணி அடிக்கிற இடத்தில் ஒரு மணிதான் அடிப்பேன். வெளியே ஊரில் எல்லாம் எப்போதும்போல நடக்கும். உள்ளே மட்டும் ஒரு சாவு வீட்டின் அமைதி இருக்கும். எனக்கு அந்த நாட்கள் பிடிக்கும். யாரும் அதிகம் பேசமாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே அண்ணன் மகளோடு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி சட்டை. சட்டை தோளில் தொங்கியது, அவ்வளவு மெலிந்திருந்தார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளை என் மனைவியிடம் அனுப்பிவிட்டு, கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். நான் வாளியை இறக்கித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். திருவிருந்துக்கு ஒரு சின்னப் பித்தளைக் கூஜாவில் தண்ணீர் வைப்போம். திராட்சை ரசத்தில் சில துளி விடவும், ஐயர் விரல் கழுவவும். அதை நான் கழுத்துவரை நிரப்பி மூடியதை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன வருஷமாச்சுலே, அத வாங்கி” என்றார். அப்பத்தைத்தான் சொன்னார். வலது கையை இடது கை மேல் வைத்து, வாங்குவது போல நீட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் வெந்த தழும்பு பளபளவென்று இருந்தது. “இந்தக் கையிலதான் வாங்கணும்” என்று சொல்லி இருமினார். பிறகு, “பிள்ள முன்னால சொல்லணுமேன்னுதான் இருக்கு. அவளப் பொழைக்க வச்சதப் பாவம்னு. அவ என்ன நெனப்பா?” என்றார்.

நான், “சின்னப் பிள்ளதானண்ணே” என்றேன்.

“ஒனக்குப் பயமா இருக்கா?”

“இல்ல.”

“பயந்தா என்னப் பாத்துக்கோ. வேற ஒருத்தரையும் பாக்காத” என்றார்.

கூஜாவைக் கொண்டுபோய்ப் பின்வாசல் பக்கத்து அலமாரியில் வைத்தேன். திருவிருந்து நேரத்தில் அங்கிருந்து எடுத்துப் பீடத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். ஒரு மணி அடித்தேன்.

கோயில் நிறைந்திருந்தது. ஒருவரைத் திரும்பச் சேர்க்கிறார்கள் என்று தெரிந்தால் வழக்கமாக வராதவர்களும் வருவார்கள். கற்பனைகள் என்கிற பத்துக் கட்டளைகளையும் ஐயர் வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் இரங்கும் என்று சபையார் முழந்தாளில் நின்று சொன்னார்கள். இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் இருந்ததைப் பற்றி ஐயர் பிரசங்கம் பண்ணினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் வரியை உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல அது தேய்ந்துகொண்டே வந்தது.

பிறகு ஐயர் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் தரையில் கையூன்றி எழுந்து, சுவரைப் பிடித்து, நடுப்பாதையில் நடந்துபோனார். முன்னால் போய்ச் சபையைப் பார்த்துத் திரும்பி நின்றார். மூச்சு வாங்கும்வரை ஐயர் காத்திருந்தார்.

“எம் மகளுக்கு அம்மை போட்டப்ப, நான் கர்த்தர நம்பாம, அக்கினிச்சட்டி எடுத்தேன்” என்றார் அண்ணன். நிறுத்தினார். இரண்டாம் வரிசையில் என் மனைவிக்குப் பக்கத்தில் மகள் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் மேலே உத்திரத்தைப் பார்த்தார். “அது பாவம். என்ன மன்னிச்சுச் சேத்துக்கிடணும்.”

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. அதை நான் பின்னாலிருந்தே பார்த்தேன்.

“இவருக்காகச் சாட்சி நிற்கிறவர்கள் வரட்டும்” என்றார் ஐயர். பட்டாளத்துக்காரர் தடதடவென்று எழுந்து போய், தோளில் கைவைத்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அடுத்து நான். எல்லோருடைய கண்ணும் இன்னும் பட்டாளத்துக்காரர் மேல்தான் இருந்தது, ஐயர் புத்தகத்தில் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் சொன்னபடி அவர் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் இடையில் இருந்த அத்தனை தலைகளும் அடுத்து என் பக்கம் திரும்பப்போவதை நினைத்துவிட்டேன். டவுசர் நனைந்த அந்த நாளின் சூடு தொடையில் இறங்குவது போல இருந்தது.

அலமாரியிலிருந்து கூஜாவை எடுத்தேன். பின்வாசல் வழியாக வெளியே போனேன்.

அதுதான் நடந்தது. கூஜா நிறைந்திருந்தது. நான் அதைச் செம்பருத்திச் செடிக்குக் கீழே கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கிணற்றில் வாளியை இறக்கினேன். கப்பி கிரீச்சிடுகிற சத்தம் உள்ளே நன்றாகக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் இறைத்தேன். யாரோ, “கோயில்பிள்ள தண்ணி எடுக்கப் போயிருக்காருய்யா” என்று சொன்னது என் காதில் விழுந்தது.

“சரி. அவர் வரும்வரை ஒரு பாட்டுப் பாடுவோம்” என்றார் ஐயர்.

எனக்காகத்தான் பாடினார்கள். ஆர்மோனியம் இல்லாமல் இழுத்து இழுத்து, ஆறு சரணம். அந்த ஆறு சரணத்துக்குள் நான் பத்தடி நடந்து உள்ளே போயிருக்கலாம். வாளியை இழுத்துக் கிணற்றிலேயே திரும்ப ஊற்றினேன். மறுபடியும் இறக்கினேன். இழுத்தேன், ஊற்றினேன். மூன்று தடவை செய்தேன். பாட்டு முடிந்தது. ஒரு பிள்ளை அழுதது, ஒருவர் தொண்டையைச் செருமினார். பிறகு ஐயர் குரல் வந்தது. சொந்தத்தில் சாட்சி இல்லாததால் இன்று முடிக்க முடியவில்லை என்று ஏதோ சொன்னார். நான் அதற்குப் பிறகுதான் கூஜாவை நிரப்பினேன்.

உள்ளே வந்தபோது அண்ணன் பழைய இடத்தில், பின்வாசல் ஓரம் தரையில் உட்கார்ந்திருந்தார். மகள் அவர் மடியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் என் கையிலிருந்த கூஜாவைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

“தண்ணி கொண்டாந்துட்டியாலே?” என்றார்.

கோபமே இல்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. திருவிருந்து தொடங்கப்போகிறது என்று அவராகவே எழுந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு வேப்பமரத்தடியில் அவர் நிற்கவில்லை. ஆராதனை முடிந்து நான் ஓடிவந்து பார்த்தபோது மரத்தடியில் யாரும் இல்லை.

“இப்பவாய்யா தண்ணி எடுக்கப் போவாங்க? செத்த நேரம் பொறுத்துப் போகப்படாதா?” என்று ஐயர் என்னைக் கடிந்துகொண்டார். பட்டாளத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “வேலையில அம்புட்டுக் கவனம் இவனுக்கு” என்றார். எல்லோரும் அப்படியே நம்பினார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் மனைவி மட்டும் வீட்டுக்கு வந்து சோறு போட்டுவிட்டு, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் என் கூச்சத்தைக் கேலி செய்ததே இல்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஐயர் விடவில்லை. கமிட்டியில் பேசி, வழக்கத்தைத் தளர்த்தி, அடுத்த ஞாயிறே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு வாங்கினார். என்னையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் போய் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் ஓரமாக உட்கார்ந்து ஸ்லேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்யா” என்றார் அண்ணன்.

“ஏம்பா? கோயில்பிள்ள இந்தத் தடவ எங்கயும் போகாம நான் பாத்துக்கிடுதேன்.”

“அவன் மேல குத்தம் இல்லய்யா. அவன ஒண்ணும் சொல்லாதிய. பிள்ள முன்னால ஒரு தடவ சொல்லிட்டேன். இன்னொரு தடவ அத என் வாயால சொல்ல முடியாது.”

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நிறைந்திருந்த கூஜாவைப் பற்றி ஐயரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் மேடையிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனது போலவே, யாருக்கும் தெரியாதபடி என்னை மறைத்துக்கொண்டார். நான் அன்றும் வாயைத் திறக்கவில்லை. ஐயர் ஜெபம் பண்ணினார். நாங்கள் பஸ் ஏறினோம்.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் அண்ணன் இறந்தார். ராஜபாளையத்தில் ஊர்ப் பொதுச் சுடுகாட்டில் ஒரு மூலையில் குழி வெட்டினார்கள். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. வாளி வைத்து இறைத்தோம். நானும் இறைத்தேன். ஐயர் அங்கி போடாமல், குடை பிடித்துக்கொண்டு வந்து, சொந்தப் பொறுப்பில் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா குழிக்குள் ஒரு பிடி வேப்பிலை போட்டார்கள். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனேன். சபையார் இறந்தால் வயசுக்கு ஒரு மணி வீதம் அடிப்பது வழக்கம். அண்ணனுக்கு நாற்பத்து நான்கு. கயிறு என் கையில் இருந்தது. கோயிலில் யாரும் இல்லை. அடித்திருந்தால் என்னை யாரும் வேலையை விட்டு நீக்கியிருக்க மாட்டார்கள், திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டு, தரையைப் பெருக்கிவிட்டு வந்தேன்.

மதினி பக்கத்து இடத்தை மூன்று வருஷம் கழித்து ஒரு ரிட்டையர்டு வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். அந்தக் குழிக்குள் பெட்டியை இறக்கவும் நான்தான் கயிறு பிடித்தேன்.

அண்ணன் மகள் எங்கள் வீட்டில் வளர்ந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நன்றாகப் படித்தாள். மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்து அங்கேயே வேலை பார்க்கிறாள். தகப்பனைப் போலவே சிரிப்பாள். இத்தனை வருஷமும் அந்தச் சிரிப்புக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

இப்போது இருக்கிற ஐயர் இளவயதுக்காரர். அந்த வழக்கத்தையே எடுத்துவிட்டார். விலக்குவதும் இல்லை, முன்னால் நிறுத்துவதும் இல்லை. ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். கிணற்றையும் மூடிக் குழாய் போட்டாயிற்று. எல்லாம் நல்லதுதான். ஆனால் இனிமேல் லெந்து முதல் ஞாயிற்றில் என்னை யாரும் எழுந்து வரச் சொல்ல மாட்டார்கள்.

போன மாதம் அவள் கல்யாண விஷயமாக வந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

“சித்தப்பா, கோயில்ல எங் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாரது நீங்கதான்.”

“பட்டாளத்துப் பெரியப்பா இருக்காவல்ல” என்றேன்.

“அவியளுக்கு மூட்டு வலி. நீங்க கூச்சப்படாதீய. பேசவே வேண்டாம், சும்மா நடந்து வந்தாப் போதும்.” பிறகு, “நீங்க அப்பா விஷயத்தையே நெனச்சு மருகுதீயன்னு சித்தி சொன்னா. நீங்க தண்ணி எடுக்கப் போன நேரம் பாத்து ஐயரு கூப்பிட்டுட்டாரு. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க சித்தப்பா?” என்றாள்.

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்தேன்? தலைதான் ஆட்டினேன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அன்றைக்குப் பஸ்ஸில் போகும்போது, “நான் பொழச்சது பாவமாப்பா?” என்று அப்பாவிடம் கேட்டாளாம். அவர் அந்தத் தழும்புக் கையால் ராஜபாளையம் வரைக்கும் அவள் தலையைத் தடவிக்கொண்டே வந்தாராம்.

அதைக் கேட்ட பிறகுதான் கடையில் போய் ஒரு நோட்டு வாங்கினேன்.

இன்று காலை ஆராதனையில் ஒரு மணி அடித்தேன். ஊதாத் துணி விரித்திருந்தது. கூஜாவைக் குழாயில் நிரப்பி அலமாரியில் வைத்தேன், நேரம் வந்ததும் பீடத்துக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, மூன்று வாரமாக எழுதியதை இப்போது முடிக்கிறேன். நாலு மணி பஸ்ஸில் அவள் வருகிறாள். நோட்டை அவள் கையில் கொடுக்க வேண்டும். அவள் படித்து முடிக்கும்வரை குழாயடிக்கும் போகாமல், கொல்லைக்கும் போகாமல், அவள் முன்னாலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் கையைப் பிடிக்கக் கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டால், பின்வாசலில் நின்று மணி அடிப்பேன்.

1998 மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி.